30 வயது ஹைலக்ஸ் மறுபடி ஓடுமா? கையில் காசு குறைவென்றால் எங்கே தொடங்குவது?

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் கஹாங் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இடையில் திரும்பினால், எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் கம்போங் பெத்தா நுழைவாயிலுக்குச் சுமார் 56 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டம், காடு, மண் பாதை. மழை பெய்தால் சேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அந்தப் பக்கம் போக நினைப்பதே வீண்.

ஜொகூரில் பழைய ஃபோர்வீல் வண்டிகளுக்கு இன்னும் மவுசு இருப்பதற்கு இப்படிப்பட்ட பாதைகள் ஒரு காரணம். தோட்டத்து வேலை இன்னொரு காரணம். தீபகற்ப மலேசியாவில் செம்பனை அதிகம் பயிராகும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. தோட்டத்தில் வளர்ந்த குடும்பம் என்றால், கிராணி ஐயாவோ கங்காணியோ ஓட்டி வந்த பிக்கப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு போன கதை வீட்டில் யாருக்காவது இருக்கும்.

அந்த மாதிரி ஒரு வண்டியை மலிவாக வாங்கி, நாமே சரி பண்ணி ஓட்டினா என்ன? இந்த ஆசை பல இளைஞர்களுக்கு வருகிறது. சிலர் ஓட்டுகிறார்கள். பலரின் வண்டி, வீட்டுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. இந்த இரண்டு முடிவுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் பணத்தின் அளவு இல்லை, அதைச் செலவழித்த வரிசைதான்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

பழைய லேண்ட் ரோவர், சுசுகி எஸ்ஜே410 என்று தேர்வுகள் நிறைய. கேமரன் மலையில் காய்கறி விவசாயிகள் இன்னமும் லேண்ட் ரோவரை நம்பித்தான் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1988-ல் அறிமுகமாகி 1997 வரை விற்ற ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ். அதில் நான்கு சக்கர இழுவையும் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினும் கொண்ட வகைக்கு எல்என்106 என்று பெயர்.

பெரிய வசதி எதுவும் இல்லாத வண்டி. அதுதான் அதன் பலம். '3எல்' என்று அழைக்கப்படும் 2,779 சிசி எஞ்சினுக்கு டர்போ கிடையாது, கணினிப் பெட்டியும் கிடையாது. டீசலை அனுப்பும் பம்ப் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்கிறது. முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டான ஆக்ஸில், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்ப்ரிங். ஒரு பொமன் சாதாரண சாவிப் பெட்டியோடு உட்கார்ந்து பிரித்து மாட்டக்கூடிய வண்டி. (மலாயில் மெக்கானிக்குக்கு வழங்கும் 'பொமன்' என்ற சொல், ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறிக்கும் 'ஃபோர்மேன்' நம் ஊருக்கு வந்து தேய்ந்தது.)

2003-ல் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் ஒரு 1988 ஹைலக்ஸைக் கடலில் மூழ்கடித்து, தீ வைத்து, இடிக்கப்பட்ட கட்டடத்தோடு சேர்த்துக் கீழே தள்ளியும் அது ஓடியது பலருக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வண்டிக்கு அப்போது வயது 15. நீங்கள் பார்க்கப்போகிற வண்டிக்கு 30 தாண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினா?

இல்லை. கெரான்.

வாகன உரிமைச் சான்றிதழைத்தான் மலேசியாவில் எல்லாரும் கெரான் என்கிறோம். அதில் உள்ள சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எல்என்106-ல் சேஸி எண் வலது முன்சக்கரத்துக்கு அருகே, சேஸியின் இரும்பிலேயே அடிக்கப்பட்டிருக்கும். கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டார்ச் லைட் போதும். தேய்த்துப் படியுங்கள். அந்த இடத்தில் வெல்டிங் தடமோ, அரைத்த அடையாளமோ, புதிதாக அடித்த பெயின்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி நடங்கள்.

ஜொகூரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ-க்கு ஆயுள் 10 ஆண்டு. அதைப் புதுப்பிக்காத வண்டியைப் பதிவிலிருந்து நீக்கி, உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். அப்படிப் பதிவு நீக்கப்பட்ட வண்டிகளில் சில குறுக்கு வழியில் இந்தப் பக்கம் வந்து, வேறொரு மலேசிய வண்டியின் எண்ணைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. 'குளோன்' காடி என்பது இதுதான். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே இத்தகைய வண்டிகளைப் பறிமுதல் செய்வது செய்திகளில் அடிக்கடி வருகிறது. பறிமுதலானால் நீங்கள் போட்ட ரேடியேட்டர், டயர், இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதோடு போகும்.

பெயர் மாற்றத்துக்கு பி5 எனப்படும் பரிசோதனை தேவை. 1994 முதல் 2024 ஆகஸ்டு வரை இதைச் செய்யும் உரிமை புஸ்பகோமிடம் மட்டுமே இருந்தது. அதன் பிறகு வேறு நிறுவனங்களும் வரலாம் என்றாகிவிட்டது. வண்டி ஓடாத நிலையில் வாங்கினால் இந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாது, பெயரும் மாறாது. "பரவாயில்ல தம்பி, சரி பண்ணிட்டு அப்புறம் பேரு மாத்திக்கலாம்" என்று விற்பவர் சொல்வார். அதற்குள் அவர் வீடு மாறிவிடலாம், வண்டி மேல் பழைய சம்மன்கள் இருப்பது தெரியவரலாம், அவர் காலமாகியும்விடலாம். காலமானவர் பெயரில் உள்ள வண்டி என்றால் வாரிசுப் பத்திரங்கள் வேண்டும், அது தனிக் கதை. சாலை வரி பல வருடமாகக் கட்டாத வண்டி என்றால், காசு கொடுப்பதற்கு முன் கெரானின் நகலோடு ஜேபிஜே முகப்புக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

கதவில், மட்கார்டில் தெரியும் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தகடு, வெட்டி ஒட்டலாம். பயப்பட வேண்டியது சேஸிக்கு. ஹைலக்ஸின் சேஸி உள்ளே வெற்றிடமான பெட்டி போன்ற இரும்பு. தோட்டத்துச் சேறும் மெர்சிங், டெசாரு பக்கத்து உப்பும் அதற்குள் புகுந்து ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். வெளியே கறுப்பு பெயின்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும்.

ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். பின் லீஃப் ஸ்ப்ரிங் மாட்டும் இடம், சரக்குப் பெட்டிக்கு அடியில் சேஸி மேலே வளையும் இடம், குறுக்கு இரும்புகள் சேருமிடம் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று ஒலிக்கும். கெட்டது 'தொப்' என்னும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் அந்த வண்டி உங்கள் பட்ஜெட்டுக்கானது இல்லை. சேஸி வெல்டிங் வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. சேஸியையே மாற்றினால் சேஸி எண்ணும் மாறும், அப்புறம் முதல் பிரச்சினைக்கே திரும்பிவிடுவீர்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

வண்டி வாங்கியது போக கையில் 15,000 ரிங்கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் கணக்குக்காகத்தான். பட்டறைக்குப் பட்டறை விலை மாறும், வரிசை மாறாது.

முதலில் 3,000-ஐ எடுத்து ஒரு உறையில் போட்டு மறந்துவிடுங்கள். பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராத ஒன்று கட்டாயம் வரும். அது வரும்போது காசு இல்லாததால்தான் பாதி வண்டிகள் தார்ப்பாய்க்கு அடியில் போகின்றன.

அடுத்தது எஞ்சினைக் குளிர வைக்கும் பாகங்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரப்பர் குழாய்கள். இந்தக் குடும்பத்து டொயோட்டா டீசல் எஞ்சின்களின் பலவீனம் சிலிண்டர் ஹெட். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் வால்வுகளுக்கு இடையே விரிசல் விடும். பட்டர்வொர்த் வெயிலில், சரக்கோடு, பாதி அடைத்த ரேடியேட்டரோடு நெடுஞ்சாலையில் ஏறினால் அந்த ஒருமுறை அன்றைக்கே வரலாம். வாங்கும்போதே சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட்டிலோ கேஸ்கெட்டிலோ கோளாறு. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த தே தாரிக் மாதிரி நுரை ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

கூடவே டைமிங் பெல்ட். 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ரப்பர் பட்டை. முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று ரசீது இல்லாவிட்டால் மாற்றப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ட் விலையில் முடிய வேண்டியது எஞ்சின் விலையில் முடியும்.

பிறகு பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இந்த வயதில் ரப்பர் சீல்கள், குழாய்கள் எல்லாம் மாற்றவேண்டிய நிலையில்தான் இருக்கும். பாகங்கள் மலிவு, உள்ளூர்க் கடைகளிலேயே கிடைக்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் செய்வது நல்லது.

அதன் பிறகு முன் ஆக்ஸில். திரும்பும் சக்கரத்துக்கு இழுவை போகும் மூட்டு ஒரு உருண்டைக் கிண்ணத்துக்குள் கிரீஸில் மிதக்கும். உள்ளேயிருக்கும் ஒரு எண்ணெய் சீல் கிழிந்தால் டிஃப்ரென்ஷியல் எண்ணெய் வந்து கிரீஸோடு கலந்து, கறுப்புக் கஞ்சியாகி சக்கரத்துக்கு உட்புறம் வழியும். பார்க்க அசிங்கமாக இருக்கும். இதை வைத்தே விலையைக் குறைக்கலாம், ஏனென்றால் சீலும் பேரிங்கும் அடங்கிய செட் பெரிய விலை இல்லை. கூலிதான் அதிகம். இரண்டு சனி, ஞாயிறு, நிறைய பழைய துணி, பொறுமையான ஒரு கூட்டாளி இருந்தால் நீங்களே செய்யலாம். முதல் வண்டியில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை இல்லை.

டீசல் பம்ப், இன்ஜெக்டர் இரண்டையும் மட்டும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். அவற்றைச் சோதிக்கத் தனி இயந்திரம் உள்ள கடைகள் இருக்கின்றன. கறுப்புப் புகை கக்கும் வண்டிக்கு 1996-ஆம் ஆண்டின் டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 50 ஹெச்எஸ்யூ என்ற அளவுதான் வரம்பு. அதைத் தாண்டினால் பரிசோதனையிலும் தேறாது, சாலையிலும் அபராதம்.

டயர் கடைசிக்கு முந்தியது. பெயின்ட் கடைசி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் போட்டோவில் தெரிவது அதுதான். செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கினால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். '3519' என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாக இருக்கலாம்.

ஹாஃப்-கட் கடையை நம்பலாமா?

ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பக்கமுமாக விற்பதுதான் ஹாஃப்-கட். மலேசியாவில் பழைய வண்டிகள் இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்கு இந்த வியாபாரம் ஒரு முக்கியக் காரணம். ஜொகூர் பாருவைச் சுற்றியும் இத்தகைய கடைகள் உண்டு.

கதவு, கண்ணாடி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு இங்கே வருவது சரியான முடிவு. பிரேக் ரப்பர், பெல்ட், சீல், பேரிங் போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமே இல்லை. உங்களிடம் இருக்கும் பழையதை எடுத்துவிட்டு இன்னொருவருடைய பழையதை மாட்டுவது போலத்தான் அது.

எஞ்சின் மாற்றுவதானால் கவனம். 3எல்-க்குப் பதிலாக அதே குடும்பத்து 5எல் ஏறக்குறைய அப்படியே உட்காரும். ஆனால் எண் வேறு, சிசி வேறு. ஜேபிஜே ஒப்புதல், பரிசோதனை, எஞ்சின் வாங்கிய ரசீது, இறக்குமதிக்கான சுங்க ஆவணம் எல்லாம் தேவை. ஆவணம் தர முடியாது என்று கடைக்காரர் சொன்னால் எஞ்சினும் வேண்டாம். கெரானில் இல்லாத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். 15 வயது தாண்டிய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தருகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டியை உயர்த்தினால் என்ன ஆகும்?

எல்லாரும் செய்ய விரும்புவது இதுதான். நீளமான ஷேக்கிள், உயரமான ஸ்ப்ரிங், பெரிய டயர். 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் ஜேபிஜே ஒப்புதலும் ஒரு பக்கம் இருக்கட்டும். பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்து ஹைலக்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறது.

பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு. சரக்கு ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழும், கம்பி நகரும், 'ஓ, பாரம் இருக்கு' என்று வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் பின் சக்கரம் வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது நீங்கள் ஸ்ப்ரிங்கை உயர்த்துகிறீர்கள். வண்டி எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின்னால் அரை டன் ஏற்றினாலும் பின் பிரேக் அரை மனதோடுதான் பிடிக்கும். டயர் பெரிதானதால் நிற்க வேண்டிய தூரமும் கூடியிருக்கும். அந்தக் கம்பியின் தாங்கியை அதே அளவு உயர்த்தி அமைத்தால் தீர்ந்தது, பெரிய செலவில்லை. ஆனால் அதை யாராவது சொல்ல வேண்டும். உயர்த்திய வண்டியை வாங்குகிறீர்கள் என்றால் அடியில் போய் முதலில் இதைப் பாருங்கள்.

வெள்ளத்தில் இறங்கலாமா?

2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் செகாமட், பத்து பகாட் பக்கம் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு, உயரமான பிக்கப் எவ்வளவு உதவும் என்று தெரியும். கணினி இல்லாத பழைய டீசல் தண்ணீருக்கு அவ்வளவாகப் பயப்படாது என்பது உண்மைதான். காற்று இழுக்கும் வாய்க்குத் தண்ணீர் போகாத வரைக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, உள்ளே போனால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும்.

மெதுவாக வரும் சேதம் வேறொன்று. ஓடிச் சூடான டிஃப்ரென்ஷியல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சீல்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அன்று ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து பேரிங் கத்தும். ஆக்ஸில் மேலுள்ள மூச்சுத் துவாரத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் அறையின் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும். ஒரு நாசி லெமாக் சாப்பாட்டுச் செலவுதான். தண்ணீரில் இறங்கி வந்த பிறகு டிரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள், டிஃப் எண்ணெயைக் கொஞ்சம் திறந்து நிறம் பாருங்கள். பால் நிறம் என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

ஓட்டக் கட்டுப்படியாகுமா?

2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை மாற்றியமைக்கப்பட்டபோது விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் வண்டி, மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், அந்த ஒரே இரவில் ஏறிய கூடுதல் செலவு 132 ரிங்கிட். தகுதியுள்ள தனியார் டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் தரும் புடி மடானி உதவி அப்போது அறிமுகமானது. விண்ணப்பிக்க வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டிக்கு இங்கேயும் கதவு மூடும்.

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து எடுக்கும் பேச்சும் அவ்வப்போது வரும். 2009 அக்டோபரில், 15 வயது தாண்டிய வண்டிகளுக்குச் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுப் பரிசோதனை கட்டாயம் என்று தேசிய வாகனக் கொள்கையில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அது கைவிடப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது வேறு வகை. 20 வயது தாண்டிய வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டு உள்நாட்டுப் புதுக் கார் வாங்கினால் 4,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை. இது கட்டாயம் இல்லை, விருப்பம். துரு தின்ற சேஸியோடு ஒரு வண்டி உங்கள் வீட்டில் ஏற்கெனவே நிற்கிறது என்றால் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சேஸி 'டிங்' என்று ஒலித்தால் அந்தக் கணக்கு தேவையில்லை.

கஹாங் பாதைக்கு முதல்முறை போகும்போது வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், பூங்காவும் அப்போது மூடியிருக்கும். அதற்கு முன் ஒரு மாதம் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். எது கழன்று விழுந்தாலும் மச்சானைக் கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில்.